அழைப்பிதழில் நான் மாற்றிய ஊர்

தணிகை,

வெள்ளிக்கிழமை காலையில் நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்த வீட்டில் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய், எங்களோடு வந்துவிடு, உனக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறோம் என்று நீயும் எத்தனையோ முறை சொல்லிவிட்டாய். உன் வீடு வியாசர்பாடியில் இருப்பதால்தான் நான் தயங்குகிறேன் என்பது உன் எண்ணம். "இன்னுமா உனக்கு அந்தப் பயம் போகல?" என்று கேட்டாய். பயமெல்லாம் போய் வெகு நாளாகிறது. நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதற்கு இப்போது நான்கு வயது. அதைச் சொல்லாமல் இனியும் உன் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. சொன்ன பிறகு நீ என்னைக் கூப்பிடுவாயா என்பதும் தெரியாது. நேரில் சொல்ல எனக்கு வராது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே பேச ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது அழுகை எதுவும் வரவில்லை. அப்பா போன நாளிலிருந்து எனக்கு எல்லாமே அடுத்த வீட்டில் நடப்பது மாதிரிதான் இருக்கிறது. சத்தம் கேட்கிறது, என்னவென்று போய்ப் பார்க்கத் தோன்றுவதில்லை.

பழைய இடத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது உன் தாத்தா மாதம் ஒரு முறை என்னைச் சென்னைக்கு ரயிலில் கூட்டிப்போவார். பழைய புத்தகக் கடைகளைப் பார்க்கத்தான். என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு அவர் அடுத்த பெட்டியில் வருவார். ஒரு கையில் புத்தகமும் மறு கையில் நோட்டுமாக நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். காதில் விழுவதையெல்லாம் எழுதிக்கொள்கிற பழக்கம் எனக்கு அப்போது இருந்தது. பெண்கள் பெட்டியில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பேச்சு உண்டு. ஆவடி வந்தால் பட்டாளத்துக்காரர்கள் என்பார்கள். அம்பத்தூர் வந்தால் கம்பெனி ஆட்கள், ஷிப்ட் முடிந்தால் தூங்கத்தான் லாயக்கு. வில்லிவாக்கத்தில் வீட்டுக்காரர்கள் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். பெரம்பூர் என்றால் ரயில்வே குடும்பங்கள், பொண்ணு கொடுக்கலாம். அதைத் தாண்டினால் பெட்டியே கொஞ்சம் அடங்கிவிடும். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் ரயில் சிக்னலுக்காக நின்றுவிடுவது வழக்கம். அப்போது பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டையோடு வரும் ஒரு அம்மா என் கழுத்தைப் பார்த்து, "ஏ பொண்ணு, செயின உள்ள வுடு. வியாசர்பாடி வந்துகினு இருக்குது" என்றாள். நான் உடனே நோட்டைத் திறந்து, "நீங்க இங்க எறங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "நான் எதுக்கு எறங்கறேன்? எறங்குனா இந்தக் கம்மல் இருக்குமா?" என்றாள். பெட்டியே சிரித்தது. நான் எழுதிக்கொண்டேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் "பெருநகரமும் அதன் சுற்றுப்புறங்களும்" என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். என் நோட்டில் இருந்ததையெல்லாம் நல்ல தமிழில் மாற்றி எழுதினேன். பன்னிரண்டு ஊர்களைப் பற்றிப் பன்னிரண்டு பத்தி. அந்தப் பன்னிரண்டில் ஒன்றில்கூட நான் இறங்கியதில்லை. வியாசர்பாடிக்கு "பயணிகள் தம் உடைமைகளில் விழிப்பாயிருக்க வேண்டிய பகுதி" என்று எழுதினேன். தமிழய்யா அந்த வரியின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு "அருமை" என்று எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. அதிலிருந்து தெருவில் யார் வீட்டில் என்ன எழுதுவதானாலும் என்னிடம்தான் வருவார்கள். மனு, பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், எல்லாம். கே.ஜி.கண்டிகை அங்கன்வாடியில் டீச்சராகப் போன பிறகு இன்னும் அதிகமாயிற்று. நன்றாக எழுதுகிறவள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். என் ஆயுளில் செயின் ஒரே ஒரு முறைதான் அறுந்தது. அது நம் மலைமேல், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும்போது. அப்பா இறங்கி வந்து செருப்பைத் தேடினால் அதையும் காணோம். வெறுங்காலோடு, வெறுங்கழுத்தோடு வீட்டுக்கு வந்தோம். தெருவில் எல்லோரும் "கூட்டம்னா அப்படித்தான்" என்றார்கள். திருத்தணி திருட்டு ஊர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. நம் ஊரில் நடந்தால் அது கூட்டம், வேறு ஊரில் நடந்தால் அது ஊரின் குணம்.

நீ முதலில் வேலைக்குப் போன இடத்தில், "திருத்தணியா? மொட்ட போட்டுகினு நேரா ஆபீசுக்கு வந்துட்டியா?" என்று கேட்டார்களே, நினைவிருக்கிறதா? அப்புறம் பெயரையே "மொட்ட" என்று ஆக்கிவிட்டார்கள். ஒருத்தன் உன்னிடம், "நீங்கள்லாம் தெலுங்கு தானே, தமிழ் எங்க கத்துக்கினீங்க?" என்றானாம். வெயில் காலத்தில் டிவியில் நம் ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் உனக்குப் போன் போட்டு, "இன்னாடா, வெந்துட்டீங்களா?" என்பார்களாம். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்பாவிடம், "ஊரைப் பாக்காம பேசறதுக்கு இவங்க யாரு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

நீ மாலதியைப் பற்றிச் சொன்ன நாளில் நான் முதலில் கேட்டது அவள் பெயரைக்கூட அல்ல, ஏரியாவை. லேப் டெக்னீஷியன் என்றாய், அவள் அப்பாவுக்குக் கதவு நிலை செய்கிற ஆசாரி வேலை என்றாய். நான் மறுபடியும், "வீடு எங்க?" என்றேன். நீ சொன்னதும் என் கை தன்னால் கழுத்துக்குப் போனது. நீ அதைப் பார்த்துவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாய். அடுத்த வாரம் நானும் அப்பாவும் பெண் பார்க்கப் போனோம். நான் கட்டுரைக்காரி ஆயிற்றே, எல்லாவற்றையும் கவனித்தேன். தெருமுனையில் கேரம் போர்டு, ஒரு சின்ன சர்ச், தண்ணீர் லாரிக்குப் போட்ட குட வரிசை. சாக்கடை அடைப்பைப் பற்றி இரண்டு பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி, "தேசிங்கு வூட்டு சம்பந்தி வந்துட்டாங்க, வாய மூடு" என்றாள். மற்றவள், "அவங்களும் தெரிஞ்சுக்கட்டுமே, பொண்ணு குடுக்குற வூட்டாண்ட சாக்கடை எப்படி கீதுன்னு" என்றாள். பயப்படும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. எழுதும்படியாகவும் ஒன்றும் நடக்கவில்லை. தெருவாக இருந்தது, அவ்வளவுதான். அதுதான் எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கல்யாணம் முடிவாயிற்று. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பத்திரிகையை நாமே அடிப்பது என்று பேச்சு. வாசகம் நான்தான் எழுதினேன். "வியாசர்பாடி திரு. தேசிங்கு அவர்களின் குமாரத்தி" என்று சரியாகத்தான் எழுதி ஏகாம்பரம் அண்ணன் பிரஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் பெரியப்பா வந்தார். நான் வீட்டில் வைத்திருந்த இன்னொரு பிரதியை வாங்கிப் படித்தார். "வியாசர்பாடியா? இன்னா தம்பி, மெட்ராசுல வேற இடமே கெடைக்கலியா உன் புள்ளைக்கு?" என்று அப்பாவைக் கேட்டார். "இந்தப் பேரு போட்டுகினு வந்தா நான் எங்க வூட்டாண்ட ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன். கேப்பான் இல்ல, யாரு, என்னா வகையறான்னு?" என்றார். ஏரியாவைக் கேட்கிறவர்கள் ஏரியாவை மட்டும் கேட்பதில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் காபி குடித்துவிட்டுப் போனார். அப்பா மோட்டார் போடக் கொல்லைக்குப் போனார். நான் போனை எடுத்து ஏகாம்பரம் அண்ணனிடம், "அண்ணா, பொண்ணு வூட்டு ஊர் பெரம்பூர்னு மாத்திடுங்க" என்றேன். "ஏன் டீச்சரம்மா, எழுதுனது வேறயா இருக்குதே" என்றார். "பக்கத்து ஸ்டேஷன்தான் அண்ணா" என்றேன். அவர், "ஆங், சரி" என்றார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

மலைமேல் சாமி பாதத்தில் முதல் பத்திரிகையை வைத்து வாங்கும்போது குருக்கள் அதைப் பிரிக்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். மறுநாள் நாம் மூவரும் தட்டு, பழம், இருநூறு பத்திரிகையோடு அவர்கள் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கப்படி ஒருத்தர் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். தேசிங்கு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று படித்தார். அந்த வரி வந்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு அச்சில் இல்லாத "வியாசர்பாடி" என்பதைத் தெளிவாகப் படித்துவிட்டு மேலே போனார். முகூர்த்த நேரம், மண்டபம், எல்லாவற்றையும் படித்து முடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். மாலதி மட்டும் தன் அப்பா கையிலிருந்த பத்திரிகையை வாங்கித் தானாக ஒரு முறை படித்தாள், பிறகு உன்னிடம் நீட்டினாள். நீ என்னைப் பார்த்தாய். "யாரும்மா மாத்துனது?" என்றாய். "ஏகாம்பரம் அண்ணன் தப்பா அடிச்சிட்டாரு போல" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. தேசிங்கு, "வுடு மாப்ள, நம்மகிட்ட பேனா இல்லியா?" என்று சிரித்தார். நாம் சாப்பிடும்போதே அவர் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்து, "பெரம்பூர்" என்பதை அடித்துவிட்டு மேலே நீல மையில் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்கு முன்னால் இலையில் வடை இருந்தது. சாப்பிட்டேன்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அடுத்த நாள் காலை நீ பிரஸ்ஸுக்குக் கிளம்பினாய். நான் தடுக்காமல் கூடவே வந்தேன், உன்னைச் சமாதானப்படுத்துகிறவள் மாதிரி. கடைத்தெருவே கேட்கும்படி, "எழுதிக் குடுத்தத அப்படியே அடிக்கத் தெரியாதா? வியாசர்பாடின்னா உனக்கு இளக்காரமா?" என்று கத்தினாய். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். ஏகாம்பரம் அண்ணன் உன்னைப் பார்க்கவில்லை. உனக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "தப்பு என்னுதுதான் தம்பி" என்றார். உன்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர். நீ அதற்குப் பிறகும் விடவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒவ்வொரு நொடியும் தோன்றியது, ஒவ்வொரு நொடியும் போய்க்கொண்டிருந்தது. பிறகு நீ பைக்கை எடுத்தாய், நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பாவின் காரியத்துக்குத் தேசிங்கு தெருவையே ஒரு வேனில் கூட்டி வந்தார். அவர்கள்தான் பந்தல் போட்டார்கள், தண்ணீர் ரொப்பினார்கள். அவர்கள் நல்லவர்கள் என்று நிரூபித்துவிட்டார்கள், அதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நீ நினைக்க வேண்டாம். அவர்கள் வராமல் இருந்திருந்தாலும் நான் செய்தது தப்புதான். ஓர் ஊர்க்காரர்கள் என் முன்னால் வந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று எதிர்பார்க்க நான் யார்? நீ என்னைப்போல் ஆகாதே. உன்னிடம் யாராவது ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னால், நீங்கள் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்று மட்டும் கேள். நம் ஊரைப் பற்றி நல்லதாகச் சொன்னாலும் அதையே கேள்.

போன புதன்கிழமை அப்பாவின் வருஷ நினைவுக்குக் கார்டு அடிக்க வேண்டுமே என்று பக்கத்து வீட்டுச் சாந்தியிடம் சொன்னேன். "ஏகாம்பரத்துகிட்ட மட்டும் குடுக்காதீங்கக்கா. அந்தாளு ஊரையே மாத்தி அடிச்சிடுவான். பாதிப் பேரு இப்ப பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கற கடைக்குத்தான் போறாங்க" என்றாள். "உனக்கு யாரு சொன்னது?" என்றேன். "எல்லாருந்தான் சொல்றாங்க" என்றாள். அவள் நம் தெருவுக்கு வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. நான் எழுதாமல், வாயால் சொன்ன ஒரே வரி, கட்டுரையைவிட நன்றாக நிலைத்துவிட்டது.

அங்கிருந்து நேராக பிரஸ்ஸுக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெஷினின் மேல் துணி போர்த்தியிருந்தது. "வாங்க டீச்சரம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே, "அண்ணா, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் பேப்பரை மடித்தார். "அத வுடுங்க. எனக்கு வயசாயிடுச்சு, வேலையும் கொறஞ்சிடுச்சு, ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு" என்றார். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன், என் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அப்போதுதான், "தம்பிக்கு இன்னுமா தெரியாது? அந்தப் பொண்ணு சொல்லலியா?" என்று கேட்டார்.

எந்தப் பொண்ணு என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க வந்து சண்டை போட்டுப் போன நாலாம் நாளு அந்தப் பொண்ணு அவங்க அப்பாவ வண்டில ஒக்கார வச்சுகினு வந்துச்சு. இன்னும் அம்பது பத்திரிகை வோணும்னாங்க. அடிக்கும்போது பழைய தாளை எடுத்தேன், உங்க கையெழுத்து. அந்தப் பெரியவரு பாத்துட்டாரு. எழுதுனது சரியாத்தானே கீது, அப்புறம் எப்படி மாறுச்சு, நெசமா சொல்லுப்பான்னாரு. நான் சொல்லிட்டேன். எனக்கு அவருகிட்ட பொய் சொல்ல வரல. அவரு பொண்ணப் பாத்தாரு. பொண்ணுதான் தம்பியப் பத்தி சொல்லுச்சு, அவருகிட்ட சொல்லாதீங்கண்ணே, அவங்கம்மா மேல உசிரா இருக்காருன்னு." நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். வருஷ நினைவுக் கார்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தெருவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் அன்று தப்பு செய்தது நான்தான் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். சாந்தியிடமும் சொன்னேன். "அப்படியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டாள். நல்ல பெயர் திரும்பி வர எவ்வளவு நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும். ஊருக்கு வரும்போது முதலில் அங்கே போ.

ஆக, தேசிங்குக்குத் தெரியும். மாலதிக்குத் தெரியும். தெரிந்தேதான் தாலி கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று என் காலில் விழுந்தபோது தெரியும். பிரசவத்துக்கு நான் வந்திருந்தபோது, தலைக்கு ஊற்றிவிட்ட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சூடா ஊத்துங்க அத்தை" என்றாளே, அப்போதும் தெரியும். நான்கு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு இல்லை. அது பெருந்தன்மையா, உனக்காகப் பொறுத்துக்கொண்டதா, என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையா என்று நான் மூன்று நாளாக யோசிக்கிறேன். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் சொன்னால்தான் உண்டு. அவளைப் பற்றி நானாக ஒன்றை எழுதிக்கொள்ள மாட்டேன்.

நீ அவளிடம் கோபப்படாதே. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்காதே. மறைத்தவள் நான். அவள் உனக்கு உன் அம்மாவை மிச்சம் வைத்தாள். இந்தக் கடிதத்தால் அது இல்லாமல் போகலாம். போகட்டும். எழுதி முடிக்கும்போது ஏதாவது பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கை வலிக்கிறது. வெளியே வெயில் ஏறிவிட்டது.

அந்த அறையை ஒழித்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது மாலதிதான் என்று வெள்ளிக்கிழமை சொன்னாய். அவள் என்னை வரச் சொல்வது எல்லாம் தெரிந்து. நீ வரச் சொன்னது தெரியாமல். இப்போது உனக்கும் தெரியும். அவசரமில்லை, யோசித்துக்கொள். பிறகு ஒரே ஒரு முறை மறுபடியும் கேள். கேட்டால் வருகிறேன்.

அம்மா